புதுப்பிப்பு: வேளச்சேரி ஃபிளாட்டை இன்ஜினியர் பார்த்துவிட்டார்

போன மாதம் கேட்டிருந்தேன்: வேளச்சேரியில் 18 வருடப் பழைய ஃபிளாட், அட்வான்ஸ் கொடுக்கும் முன் தனியாக ஒரு சிவில் இன்ஜினியரை வைத்துப் பார்ப்பது அவசியமா என்று. பாதிப் பேர் "வக்கீல் பத்திரம் பார்த்தால் போதும்" என்றீர்கள். சரி, 8,000 ரூபாய்தானே என்று கூட்டிப்போனேன்.

ஹாலில் புதுப் பெயின்ட், பளபளவென்று இருந்தது. அவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. சின்னச் சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த சத்தம் பாத்ரூம் பக்கம் பொத் பொத்தென்று மாறியது. ஓனரிடம் கேட்டுக்கொண்டு உள்ளங்கை அளவு பூச்சைப் பெயர்த்தார். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமாம். அதனால்தான் கான்கிரீட் கம்பியின் நீளத்துக்கே வெடிக்கிறது. காரணம், மேல்வீட்டு பாத்ரூம் கசிவு.

கடனுக்காக வீட்டை மதிப்பிடும் பேங்க் வேல்யூயர் வந்துபோனதைச் சொன்னேன். இன்ஜினியர் சிரித்தார். வேல்யூயர் பார்ப்பது கடனுக்கு ஈடாகுமா என்பதை மட்டும்தானாம்.

கட்டுமானக் குறைக்கு பில்டர் 5 வருடம் பொறுப்பு என்று ரெராவை, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை, போன தடவை சொன்னவருக்கு: அந்தச் சட்டமே 2016-இல் வந்தது. இந்தக் கட்டடம் அதற்கு முந்தையது.

ஓனர் முதலில் முறைத்தார். அப்புறம் இன்ஜினியரின் அறிக்கையைக் காட்டியதும் இரண்டு லட்சம் குறைத்தார். வாங்குகிறோம். மேல்வீட்டுக்காரரிடம் யார் போய்ப் பேசுவது என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை.