பெல்ட் அறுவடை வண்டியில் வைக்கோலோடு நெல் போகுது, டிரம் பல் மாத்தணுமா?

கேட்டவர்: திருத்துறைப்பூண்டி வண்டிக்காரன்
பழைய பெல்ட் வண்டி, ஆக்சியல் டிரம் (கதிரை அடிச்சு நெல்லைப் பிரிக்கிற உருளை), அதுல முள்ளுப் பல். வாடகைக்கு ஓட்டுறோம். சம்பா அறுத்த ஒரு வயல்ல அடுத்த வாரமே மழை. வைக்கோல் விழுந்த தடம் பூரா நாத்தங்கால் மாதிரி பச்சைக் கோடு! வயல்காரர் வரப்புல நிக்க வச்சுக் காட்டினார். வாடகையில பிடிச்சதைவிட அதுதான் சுட்டுச்சு. பல் செட்டு, கான்கேவ் (டிரம்முக்கு அடியில நெல் விழுற கம்பித் தட்டி), சல்லடை மூணையும் மாத்தச் சொல்றார் பார்ட்ஸ் கடைக்காரர். காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.

பழைய டிரைவர்
தம்பி, போறது எங்கன்னு தெரியாம சாமான் வாங்காதீங்க. அறுத்துட்டே இருக்கும்போது சட்டுனு நிறுத்தி, கொஞ்சம் பின்னால எடுங்க. அறுக்காத பயிருக்கு அடியில கிடக்கிறது தானா உதிர்ந்தது. கட்டர் பார் (அறுக்கிற கத்தி) நின்ன இடத்துல அதைவிட அதிகம்னா, பயிரை உள்ளே தள்ளுற ரீல் அடிச்சுக் கொட்டுது. இனி வைக்கோலை உதறுங்க. நெல் கதிரை விட்டு வரலைன்னா டிரம்மும் கான்கேவும் சரியில்லை. உதிரி நெல்லாக் கொட்டினா கான்கேவ் அடைப்பு, சல்லடை, காத்து, இதுல ஒண்ணு.

கணக்கு: 1000 நெல் 20 கிராம்னு வச்சா, சதுர மீட்டருக்கு 100 நெல் போனா ஏக்கருக்கு 8 கிலோ. வைக்கோல் தடத்துல எண்ணினதை வெட்டு அகலம் முழுக்கப் பரத்திப் போடணும்.

வண்டிக்காரன்
பரத்தினா சதுர மீட்டருக்கு 700! ஏக்கருக்கு 57 கிலோ, ஒன்றரைச் சிப்பத்துக்கு (40 கிலோ மூட்டை) கொஞ்சம் கம்மி. உதறினா கொட்டுது, கதிர்ல ஒட்டினது கொஞ்சம்தான்.

டெல்டா மெக்கானிக்
அப்ப கான்கேவைக் கழட்டிப் பாருங்கண்ணே. பனி ஈரம் காயாம காலையில இறக்கினா கம்பி இடுக்கெல்லாம் அப்பிக்கும். டிரம் பெல்ட் பளபளன்னு இருந்தா வழுக்குதுன்னு அர்த்தம், லோடுல டேக்கோமீட்டர் வச்சு டிரம் சுத்துற வேகத்தைப் பாருங்க. பல் மாத்தினா எடை பார்த்து எதிரெதிர் ஜோடியா மாத்துங்க, இல்லேன்னா டிரம் ஆடி பேரிங் போயிடும். சாவியை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் உள்ளே கை.

பழைய டிரைவர்
காத்தையும் பாருங்க. குண்டு நெல்லுக்கு வச்ச காத்தோட பி.பி.டி. (சன்ன ரகம்) வயல்ல இறங்கினா பதரோட நெல்லும் பறக்கும். வேகமும் ஒரு காரணம். மணிக்கணக்கு வாடகையாச்சே, "சீக்கிரம் ஓட்டுப்பா"ன்னு விரட்டுறதும் அதே வயல்காரர்தான்.

வண்டிக்காரன்
கழட்டினா கான்கேவ் பாதி களிமண்ணும் தாளும். கம்பியை வச்சுக் குத்தி எடுக்கவே ஒரு மணி நேரம். டிரம் பெல்ட் புதுசு போட்டாச்சு. பல்லுல, பயிர் நுழையிற பக்கம் இருந்த 8 மட்டும் முன்விளிம்பு உருண்டு போயிருந்துச்சு, ஜோடியா மாத்திட்டோம். சல்லடை வாங்கலை. பனி காஞ்சு, ஒரு கியர் குறைச்சு அறுத்தோம். நான் எண்ணிப் பரத்தினா சதுர மீட்டருக்கு 160. வயல்காரரையும் எண்ணச் சொன்னேன், அவருக்கு 190 வந்துச்சு.