பெரிய ஆலைகளுக்குத் தரும் வரிச் சலுகை: கணக்கை யார் பார்க்கிறார்கள்?

ஓசூர்_பட்டறை எழுதியது:

வணக்கம். நான் ஓசூரில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன், பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். அதனால் பெரிய ஆலைகள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. அவர்கள் வந்ததால்தான் எங்கள் லேத் ஓடுகிறது.

ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதை உறுத்துகிறது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். சந்தோஷம். பதிலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பது மட்டும் அந்த அறிவிப்பில் இல்லை. மூலதன மானியம் (ஆலையில் போடும் முதலீட்டில் ஒரு பங்கை அரசே கொடுப்பது), மாநில ஜிஎஸ்டி திருப்பித் தருவது, மின்சார வரி விலக்கு, பத்திரப்பதிவுக் கட்டணச் சலுகை, இதெல்லாம் சேர்த்து ஒரு ஆலைக்கு எவ்வளவு, ஒரு வேலைக்கு எவ்வளவு என்று எங்கேயாவது ஒரு இடத்தில் போட்டிருக்கிறார்களா?

இன்னொரு பக்கம், 2022 மின்கட்டண உயர்வுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமும் சேர்ந்து வருகிறது. 2023 செப்டம்பரில் சிறுதொழில் சங்கங்கள் ஒரு நாள் கதவடைப்பே நடத்தின. எங்களிடம் வாங்கி அங்கே கொடுக்கிறார்கள் என்று நேராகச் சொல்ல முடியாது, ஆனாலும் தோன்றுகிறது. சலுகை இல்லாவிட்டால் இந்தக் கம்பெனிகள் உண்மையிலேயே வராதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரகடம்வாசி:

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் நான் எதிர்த்துத்தான் பேசப் போகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, 1998இல் சாண்ட்ரோ வெளியே வந்தது. அன்றைக்கும் விற்பனை வரிச் சலுகை கொடுத்துத்தான் கூட்டி வந்தார்கள், அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது? கண்ணாடி, சீட், வயரிங், ஃபோர்ஜிங் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் எல்லாம் வந்ததற்கு அந்த சப்ளையர் கூட்டம் ஏற்கெனவே இங்கே இருந்தது பெரிய காரணம். 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அடிதான், ஆனால் மற்ற பலர் வேறு கம்பெனிகளின் ஆர்டரில் நின்றுவிட்டார்கள்.

கொடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017இல் கியா ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் போனது. ஆந்திராவின் தொழில் நகரமான ஸ்ரீசிட்டி நம் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். குஜராத் நானோ காருக்காக டாடாவுக்கு 0.1 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தது. அதே குஜராத்தின் சாணந்தில் மைக்ரானின் சிப் ஆலை 2.75 பில்லியன் டாலர், அதில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது, 20 சதவீதத்தை குஜராத் கொடுக்கிறது, கம்பெனி போடுவது மிச்சம்தான். மற்ற மாநிலங்கள் எல்லாம் இப்படி நிற்கும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள்?

வரிக்கணக்கர்_மதுரை:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் 2017 ஜூலைக்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது என்பதை யாரும் பேசுவதில்லை. நான் ஜிஎஸ்டி வேலைதான் பார்க்கிறேன், கொஞ்சம் விளக்குகிறேன்.

பழைய விற்பனை வரிக் காலத்தில், இங்கே செய்த கார் இங்கே விற்றால் முழு வரியும், வெளிமாநிலத்துக்குப் போனால் மத்திய விற்பனை வரியும் (கடைசியாக 2 சதவீதம்) நமக்கு வரும். அதை விட்டுக்கொடுத்தால், "ஆலை வராவிட்டால் இந்த வரியும் வந்திருக்காதே, வராத பணத்தைத்தானே விடுகிறோம்" என்று ஒரு வாதம் சொல்லலாம். ஜிஎஸ்டி நுகர்வு நடக்கும் இடத்துக்குப் போகும் வரி. ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார் லக்னோவில் விற்றால் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்குப் போகிறது. ஏற்றுமதியானால் வரியே கிடையாது. அப்போது மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருகிறேன் என்றால், பெரும்பகுதியை வெளியே விற்கும் கம்பெனிக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் அவர்கள் மூலதன மானியம் கேட்கிறார்கள். அது கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் நிஜப் பணம். வராத வரி என்ற பழைய வாதம் இதற்குச் செல்லாது.

சரி, ஆலை வந்தால் மாநிலத்துக்கு என்ன வருகிறது? தொழிலாளர்கள் இங்கே செலவு செய்வதால் வரும் வரி, பெட்ரோல் டீசல் வாட், நிலம் வீடு பதிவுக் கட்டணம், சப்ளையர்களின் வளர்ச்சி. இவை நிஜம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனியின் லாபத்தில் கட்டும் வருமான வரி, ஊழியர்களின் வருமான வரி எல்லாம் மத்திய அரசுக்குப் போகிறது. மத்திய அரசு மாநிலங்களோடு பகிரும் வரித் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அந்த மாநிலங்கள் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், இது 15ஆவது நிதிக்குழு 2021-26க்குச் சொன்ன கணக்கு. அதாவது கூட்டி வரும் செலவு நமது, நேரடி வரியில் பெரும்பகுதி மத்திய அரசுக்கும் மற்ற மாநிலங்களுக்கும் பிரிகிறது. இந்த நிலையில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு இருந்தே ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். 2021 தொழிற்கொள்கையில் மாவட்டங்களைப் பிரித்து, சென்னையைச் சுற்றி உள்ள இடங்களுக்குக் குறைவாகவும் தென் மாவட்டங்களுக்கு அதிகமாகவும் வைத்தார்கள். வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்கு வந்து 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்தது போன்ற விஷயங்களுக்கு இதைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. எப்படியும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வரத்தான் போகிறார் என்கிற ஆளுக்குக் கொடுப்பதுதான் வீண்.

பெரும்புதூர்_பார்வை:

நோக்கியாவை யாரும் சொல்லவில்லையே. இந்தப் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் ஆலை: 2005 ஏப்ரலில் ஒப்பந்தம், சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) நிலம், ஏற்றுமதிக்கு வரிச் சலுகை தரும் சிறப்புப் பொருளாதார மண்டலம், 2006இல் உற்பத்தி. உச்சத்தில் 8,000 பேர் வரை நேரடி வேலை, பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பெண்கள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை கிராமங்களில் அந்தச் சம்பளம் செய்த மாற்றத்தை யாரும் மறுக்க முடியாது. அப்புறம் 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே போனது, சாஃப்ட்வேருக்காகப் பின்லாந்து தலைமையகத்துக்குக் கொடுத்த தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடிக்கு மேல் கேட்டார்கள். ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்றதாகச் சொல்லி மாநில வணிகவரித் துறை 2,400 கோடிக்கு நோட்டீஸ் விட்டது. கம்பெனி இரண்டையும் மறுத்தது. சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று மூடினார்கள். அந்த டிசம்பரில், மற்ற கம்பெனிகளுக்காக மின்னணுப் பொருள் செய்து தரும் ஃபாக்ஸ்கானும் நோக்கியாவை நம்பி நடத்திய ஆலையை நிறுத்தியது.

வரித் தகராறு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. என் கேள்வி வேறு. அரசு நிலம் கொடுத்தது, வரியை விட்டுக்கொடுத்தது, இத்தனை ஆண்டு இத்தனை பேரை வேலையில் வைத்திருக்க வேண்டும், முன்னதாகப் போனால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று தொழிலாளர்களுக்குப் பயன்படும்படி என்ன உறுதி வாங்கியது? இருபத்தைந்து வயதுக்குள் அந்தப் பெண்கள் வேலையை இழந்து ஊருக்குத் திரும்பினார்கள். பின்னால் அதே கட்டடத்தில் சால்காம்ப் வந்து 2020இல் சார்ஜர் உற்பத்தியைத் தொடங்கியது, நல்லது. இடைப்பட்ட ஐந்தாண்டில் யாருக்குக் கல்யாணம் நின்றது, யாருக்குக் கடன் ஏறியது என்பதை எந்தச் சலுகைக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

மில்வாக்கி_தமிழன்:

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம். ஃபாக்ஸ்கான் பெயர் வந்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அதே கம்பெனி இங்கே செய்தது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

2017இல் ஆளுநர் ஸ்காட் வாக்கரும் அதிபர் டிரம்பும் சேர்ந்து அறிவித்தார்கள்: 10 பில்லியன் டாலர் முதலீடு, 13,000 வேலை. மாநிலம் கொடுப்பதாகச் சொன்னது சுமார் 3 பில்லியன். இங்கே உற்பத்திக் கம்பெனிகளுக்கு மாநில வருமான வரி ஏற்கெனவே கிட்டத்தட்ட இல்லை, அதனால் அந்த 'வரிச் சலுகை' பெரும்பாலும் பணமாகவே போயிருக்கும். மதுரைக்காரர் சொன்ன அதே கதைதான்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் இத்தனை பேரை எடுத்தால்தான் பணம். முதல் ஆண்டிலேயே இலக்கை எட்டவில்லை, பணம் தரவில்லை. 2021 ஏப்ரலில் ஆளுநர் எவர்ஸ் ஒப்பந்தத்தைத் திருத்தினார்: 1,454 வேலை, 672 மில்லியன் முதலீடு, சலுகை அதிகபட்சம் 80 மில்லியன். மாநிலம் தப்பித்தது.

தப்பிக்காதது மவுண்ட் பிளசன்ட் என்ற சின்ன ஊர். ஆலை வருகிறது என்று முன்கூட்டியே கடன் வாங்கி நிலம் எடுத்து, வீடுகளைக் காலி செய்து, சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டுவிட்டது. வேலை வந்தபின் பணம் என்ற விதி மாநிலத்தின் சலுகைக்கு இருந்தது, ஊர் செய்த செலவுக்கு இல்லை. பின்னால் அந்த நிலத்தில் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர் கட்ட வந்ததால் ஊர் மூச்சு விட்டது, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

அதனால் நீங்கள் கணக்குக் கேட்கும்போது மானியத்தோடு நிற்காதீர்கள். நிலம், சாலை, தண்ணீர், துணைமின் நிலையம் எல்லாம் கேளுங்கள். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024இல் திறந்த 18,720 படுக்கை விடுதி 706 கோடி என்று படித்தேன். பெண் தொழிலாளர்களுக்கு அது மிகத் தேவையான வசதி, நான் ஆதரிக்கிறேன். வாடகையில் அது எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரகடம்வாசி:

விஸ்கான்சின் விவரம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் எல்லாவற்றையும் வெளியிட்டால் அடுத்த கம்பெனி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு" என்று உட்காரும். பேரம் பேசுகிற அதிகாரியின் நிலையையும் யோசியுங்கள்.

வரிக்கணக்கர்_மதுரை:

பேச்சுவார்த்தை நடக்கும்போது ரகசியம் இருக்கட்டும் சார். கையெழுத்தானபின் எதற்கு? தகவல் உரிமைச் சட்டத்தில் 8(1)(டி) பிரிவைக் காட்டி வணிக ரகசியம் என்று மறுக்கலாம்தான், ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மத்திய அரசு 2006 முதல் பட்ஜெட்டோடு, விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்று ஒரு அறிக்கை வைக்கிறது. அமெரிக்காவில் 2015இல் வந்த கணக்கியல் விதிப்படி உள்ளாட்சிகள்கூட வரித் தள்ளுபடியைக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே அதனால் தொழில் நின்றுவிடவில்லை. கம்பெனிகள் ஒன்றுக்கொன்று என்ன வாங்கின என்று ஏற்கெனவே தெரிந்துதான் பேசுகின்றன, அவர்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருப்பது நாம் மட்டும்.

ஓசூர்_பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இப்படி எழுதியிருக்கிறேன்: "100 கோடிக்கு மேல் சலுகை பெறும் ஒவ்வொரு ஆலைக்கும், கொடுத்த மானியம், நிலம், மின்சாரம், கட்டமைப்புச் செலவு, உறுதியளித்த வேலை, இன்று பிஎஃப் பதிவில் உள்ள வேலை ஆகியவற்றை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்." திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

பெரும்புதூர்_பார்வை:

இரண்டு சேருங்கள். பிஎஃப் எண்ணிக்கையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை என்று தனித்தனியாக. அப்புறம், பத்தாண்டுக்குள் ஆலையை மூடினால் மீதி ஆண்டுகளுக்கு ஏற்ற மானியத்தைத் திருப்பித் தர வேண்டும், அந்தப் பணம் முதலில் வேலை இழந்தவர்களுக்குப் போக வேண்டும்.