மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்யும் வேலை. அதற்கான பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. டைப்பிங் வேகம் கூடியிருக்கிறது, ஆனால் காது இன்னும் பழகவில்லை. வகுப்பில் தருவதெல்லாம் நிறுத்தி நிதானமாகப் படித்த ஒலிப்பதிவுகள். போன வாரம் சீனியர் அக்கா ஒருவர் நிஜ டிக்டேஷன் போல வேகமாகப் பேசிக் காட்டினார். 'டிஸ்ஃபேஜியா' என்றதை 'டிஸ்ஃபேசியா' என்று அடித்துவிட்டேன். முன்னது விழுங்குவதில் சிரமம், பின்னது பேச்சில் பாதிப்பு. ஒரே எழுத்துதான், நோயே மாறிப்போகிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வேலை நிலவரமும் குழப்பமாக இருக்கிறது. இப்போது பல இடங்களில் மென்பொருளே பேச்சைக் கேட்டு முதல் பிரதியை அடித்துவிடுகிறது, நம் வேலை அதைத் திருத்துவது என்கிறார்கள். எங்கள் பாடத்தில் எடிட்டிங்குக்கு ஒரு வகுப்புகூட இல்லை. பல நிறுவனங்கள் எத்தனை வரி அடித்தோம் என்ற கணக்கில்தான் சம்பளம் தருகின்றன, 65 எழுத்து ஒரு வரி என்பதைக்கூட வெளியில் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். புதியவர்களை இப்போது எடுக்கிறார்களா? 98 சதவீதத் துல்லியம் வர உங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது? விதவிதமான உச்சரிப்பில் டாக்டர்கள் பேசும் பயிற்சிப் பதிவுகள் எங்கே கிடைக்கும்? அப்புறம், மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடும் வேலை) பக்கம் மாறுவது நல்லதா? அடுத்த தவணை கட்டுவதற்குள் நான் முடிவெடுக்க வேண்டும்.