மிக்சியில் அரைத்த இஞ்சியில் எக்சோசோமா?

ஆய்வகவாசி: குடும்பக் குழுவில் ஒரு காணொளி. "வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் இஞ்சிச் சாறு, அதில் கோடிக்கணக்கான எக்சோசோம், புற்றுநோயே ஓடிவிடும்" என்கிறார் ஒருவர். எக்சோசோம் என்பது உயிருள்ள செல் தானாக வெளியே அனுப்பும் நுண்பை. மிக்சியில் அரைத்தால் செல் கிழியும். கிழிந்த சவ்வும் சுருண்டு குமிழாகும். அது எக்சோசோம் இல்லை.

சுக்குக்காப்பி: வந்துட்டாரு. போன மாதம் இதே குழுவில் செம்புக் குடத்தோடு சண்டை, இந்த மாதம் இஞ்சியோடு. தம்பி, 2016இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெர்லின் என்ற ஆய்வாளரின் குழு இஞ்சி நுண்துகளைக் கொடுத்து எலிகளின் குடல் அழற்சியைக் குறைத்தது. அவர்களும் இஞ்சியை அரைத்துத்தான் எடுத்தார்கள்.

ஆய்வகவாசி: அரைத்ததால்தான் தலைப்பில் "நுண்துகள்" என்று போட்டார்கள். எக்சோசோம் என்று போட்டார்களா? அப்புறம் அது எலி. உங்கள் காணொளிக்காரர் எலிகளுக்கா பேசுகிறார்?

கீரைக்கட்டு: 2018இல் லூயிவில் பல்கலைக்கழகக் கட்டுரை, இஞ்சி நுண்பையில் இருக்கும் ஆர்என்ஏ என்ற மரபு மூலக்கூறு குடல் பாக்டீரியாவுக்குள் போகிறது என்றது. அதன் தலைப்பிலேயே "எக்சோசோம்" உண்டு. இப்போ என்ன சொல்றீங்க?

ஆய்வகவாசி: தலைப்போடு நிறுத்திவிட்டீர்கள். உள்ளே "எக்சோசோம் போன்ற" என்றுதான் எழுதியிருக்கிறது. போன்ற!

சுக்குக்காப்பி: போன்றன்னா அதேதானே?

ஆய்வகவாசி: மான் போன்ற விழி என்றால் நெற்றியில் கொம்பு முளைக்குமா?

கீரைக்கட்டு: உவமை சொன்னால் அறிவியல் ஆகிவிடாது. முதலில் எக்சோசோமுக்கு ஒரு தமிழ்ச்சொல் வையுங்கள், பிறகு சண்டை போடலாம்.

மண்சட்டி: எங்கள் ஆத்தா இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து, அடியில் வெள்ளையாக நிற்கும் வண்டலைக் கொட்டிவிட்டுத்தான் தேன் விடுவார். அப்போ இந்த நுண்பையெல்லாம் இத்தனை வருடமாகச் சாக்கடைக்கா போச்சு?

சுக்குக்காப்பி: வண்டல் நஞ்சு ஐயா. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" கேள்விப்பட்டதில்லையா?

ஆய்வகவாசி: அது சுக்கின் தோலைச் சொன்னது. வண்டல் வெறும் மாவுச்சத்து. நுண்பை டம்ளரில் தானாக அடியில் உட்காராது. புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் சுழற்ற வேண்டும். அடர்த்தி வேறுபட்ட சர்க்கரைக் கரைசல் அடுக்குகளுக்கு நடுவே மங்கலாக ஒரு பட்டை நிற்கும், அதை ஊசியில் உறிஞ்ச வேண்டும். கை நடுங்கினால் ஒரு நாள் வேலை காலி. எனக்கு இரண்டு முறை காலியாகியிருக்கிறது.

சுக்குக்காப்பி: உங்கள் கை நடுங்கினதுக்கு இஞ்சி என்ன செய்யும்?

ஆய்வகவாசி: 2017இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் இலையை அரைக்காமல், செல்களுக்கு இடையில் இருக்கும் நீரை மட்டும் வடித்து நுண்பை எடுத்தார்கள். அது செடி தானாக அனுப்பியது. அரைக்காமல்! மருந்தை ஏற்றி அனுப்பும் வண்டியாக இதெல்லாம் நாளைக்குப் பயன்படலாம், நான் மறுக்கவே இல்லை. மிக்சியில் வந்ததை எக்சோசோம் என்காதீர்கள், அவ்வளவுதான்.

மண்சட்டி: அம்மியில் அரைத்தால்?

ஆய்வகவாசி: அம்மியிலும் செல் கிழியும்!

கீரைக்கட்டு: பாருங்கள், அம்மியையும் விட்டுவைக்கவில்லை. நம் பாரம்பரியம் என்றாலே இவருக்கு ஆகாது.

சுக்குக்காப்பி: செம்புக் குடச் சண்டையிலேயே தெரிஞ்சுபோச்சு. அங்கே நாங்கள் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை, தம்பி.

ஆய்வகவாசி: பதில் அங்கேயே இருக்கிறது, மூன்று முறை எழுதிவிட்டேன். இங்கே பேச்சு மிக்சி. மிக்சி!