உரிமையாளர் 10% பங்கு தருகிறேன் என்கிறார்: ரசிகர் டிரஸ்ட் வாங்கலாமா?

வடக்கு_ஸ்டாண்ட்:

வணக்கம். இங்கிலாந்தில் ஆறாம் அடுக்கில், நேஷனல் லீக் சவுத்தில் ஆடும் ஒரு கிளப். பேச்சுவார்த்தை நடப்பதால் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ரசிகர்கள் சேர்ந்து சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் தொடங்கப் போகிறோம், இன்னும் பதிவாகவில்லை. அதற்குள் உரிமையாளரே ஒரு யோசனையோடு வந்துவிட்டார். டிரஸ்ட் 50,000 பவுண்டு போட்டால் கிளப் கம்பெனியில் 10% பங்கு, போர்டில் ஓர் இடம். கிளப் அவருக்குத் தர வேண்டிய கடன் சுமார் 20 லட்சம் பவுண்டு என்று கணக்கில் இருக்கிறது. மைதானம் கிளப் பெயரில் இல்லை, அவருடைய இன்னொரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது.

10% வைத்துக்கொண்டு உண்மையில் எதைத் தடுக்க முடியும்? டிரஸ்டை எந்தச் சட்ட வடிவில் பதிவது? எங்களில் பாதிப் பேர் "உள்ளே நுழைய ஒரு வழி கிடைக்கிறதே, வாங்கிப் போடுவோம்" என்கிறார்கள். மீதிப் பேர் பணத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

10% வைத்து ஒன்றையும் தடுக்க முடியாது. 2006-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி 5% இருந்தாலே பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். அதற்கு அடுத்த படி 25%-ஐத் தாண்டும்போதுதான் வருகிறது. அப்போது 75% ஓட்டு தேவைப்படும் சிறப்புத் தீர்மானங்களை முடக்கலாம், அதாவது கம்பெனியின் விதிமுறைகளை உங்களை மீறி மாற்ற முடியாது. 50%-ஐத் தாண்டினால் இயக்குநர்களை நியமிக்கலாம், நீக்கலாம். 5-க்கும் 25-க்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே நிலைதான்.

அதிலும் சரியாக 10% என்பது வினோதமான எண். ஒருவர் எல்லாப் பங்குகளையும் வாங்க முறைப்படி விலை அறிவித்து, கேட்ட பங்குகளில் 90% சேர்ந்துவிட்டால், மீதியைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. 2018-ல் ஆர்சனலை அதன் பெரும்பான்மை உரிமையாளர் க்ரோங்கே முழுதாக எடுத்துக்கொண்டபோது, ஃபேன்ஷேர் திட்டத்தில் சேர்ந்து துண்டு துண்டாகப் பங்கு வாங்கியிருந்த ரசிகர்கள் வெளியேற்றப்பட்டது இப்படித்தான். உங்கள் உரிமையாளரின் 90%-ஐ புதிதாக ஒருவர் இந்த முறையில் வாங்கினால் டிரஸ்டின் 10%-ஐயும் அவர் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம். 10%-க்கு மேல் ஒரே ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் அந்த வழி அடைபடும். வாங்குவதென்றே முடிவு செய்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த 20 லட்சம் கடன். மொத்தம் 1,000 பங்கு, உங்களிடம் 100 என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் கடனைப் பங்காக மாற்றி 4,000 புதுப் பங்கு வெளியிடுகிறார். இப்போது உங்களுடையது 5,000-ல் 100, அதாவது 2%. பழைய பங்குதாரருக்கு முன்னுரிமை உண்டு என்று சட்டம் சொல்லும்தான். ஆனால் 75% ஓட்டு வைத்திருப்பவர் அதை விலக்கிவிடலாம். விலக்காவிட்டாலும் உங்கள் விகிதத்தைக் காப்பாற்ற இன்னும் 400 பங்கு வாங்க வேண்டும். அதற்குப் பணம்?

லிபர்ட்டி_கேட்:

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் அதனால் வாங்கவே கூடாது என்று ஆகாது. சதவீதம் தராத பலத்தைப் பங்குதாரர் ஒப்பந்தம் தரும். அது இல்லாமல் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள்.

ஸ்வான்சீயைப் பாருங்கள். ரசிகர் டிரஸ்டிடம் 21.1% இருந்தது, போர்டில் இடமும் இருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் முன்மாதிரி என்று கொண்டாடினார்கள். 2016-ல் மற்ற பங்குதாரர்கள் அமெரிக்கக் குழுவுக்கு விற்றார்கள். டிரஸ்டின் பங்கு அப்படியே கிடந்தது. தங்களை ஒதுக்கிவிட்டுப் பேரம் நடந்தது என்பது டிரஸ்டின் புகார். அந்தத் தகராறு 2022-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை என் கணிப்பில் இவை. பெரும்பான்மைக்காரர் விற்றால் அதே விலைக்கு, அதே நிபந்தனைக்கு உங்கள் பங்கையும் வாங்குபவர் எடுத்தாக வேண்டும் என்ற உரிமை. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் டிரஸ்டின் இஷ்டமாக இருக்க வேண்டும். புதுப் பங்கு வெளியிடுவது, கடனைப் பங்காக மாற்றுவது, கிளப்பின் சொத்தை அடமானம் வைப்பது, பெயர், நிறம், சின்னம் மாற்றுவது, மைதானக் குத்தகையைத் தொடுவது ஆகியவற்றுக்கு டிரஸ்டின் எழுத்துபூர்வ சம்மதம். மாதாந்திரக் கணக்கு, வரவு செலவு மதிப்பீடு, வங்கி நிலுவை ஆகியவற்றைக் குறித்த தேதிக்குள் தர வேண்டும் என்ற விதி. கடைசியாக, போர்டு இடம் டிரஸ்டுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல: யாரை அனுப்புவது, எப்போது மாற்றுவது என்பது டிரஸ்டின் தேர்தல் முடிவு. "உங்களில் ஒருவரை நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்று உரிமையாளர் சொன்னால் அது அவருடைய ஆள்தான்.

அந்த இடத்தில் உட்காரப் போகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. இயக்குநர் ஆனதும் சட்டப்படி அவருடைய கடமை கம்பெனிக்கு, டிரஸ்டுக்கு அல்ல. சம்பளம் பாக்கி என்று போர்டில் தெரிந்துகொண்டு வந்து உறுப்பினர் கூட்டத்தில் சொல்ல முடியாது. உறுப்பினர்களோ "எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை" என்று அவர் மேல் பாய்வார்கள். பல டிரஸ்டுகள் உள்ளுக்குள் உடைவது இந்த இடத்தில்தான். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, கூட்டம் முடிந்தபின் எந்த வடிவில் அறிக்கை தருவது என்பதை அவர் போர்டில் நுழைவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி, கிளப்பும் டிரஸ்டும் கையெழுத்திட்டுவிடுங்கள். இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் உரிமையாளர், இயக்குநர் தகுதிச் சோதனையையும் அவர் தாண்ட வேண்டியிருக்கும்.

வடக்கு_ஸ்டாண்ட்:

இருவருக்கும் மிக்க நன்றி. கடனைப் பங்காக மாற்றும் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. மைதானம் பற்றி ஒரு சந்தேகம். கால்பந்துக்கென்று புது ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டதால் இனி மைதானத்தை விற்கவே முடியாது என்று குழுவில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியா?

பழைய_டிக்கெட்:

உங்கள் கிளப்புக்கு இல்லை. அந்த அமைப்பைக் கொண்டுவந்த, 2025 ஜூலை 21-ல் ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம் மேல் ஐந்து அடுக்குகளைக் குறிவைத்தது. மைதான விற்பனைக்கு அமைப்பின் அனுமதி, சின்னத்தையும் ஹோம் ஜெர்சி நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு எல்லாம் அந்தக் கிளப்புகளுக்கு. நீங்கள் ஆறாம் அடுக்கு. பதவி உயர்வு கிடைத்தால் உள்ளே வருவீர்கள். அதை நம்பித் திட்டம் போட முடியாது.

உங்களிடம் இருக்கும் கருவி 2011-ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டம். அதன்கீழ் மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று உள்ளாட்சிப் பட்டியலில் ஏற்றலாம். டிரஸ்ட் பதிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, உள்ளூர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் சேர்ந்த பதிவில்லாத குழுவே விண்ணப்பிக்கலாம். மைதானத்தின் எல்லையைக் காட்டும் வரைபடத்தையும், கால்பந்து ஆட்டம் தவிர வேறு என்னென்ன சமூகப் பயன்பாடு அங்கே நடக்கிறது என்பதையும் இணையுங்கள். எட்டு வாரத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் ஐந்து ஆண்டு இருக்கும். அதற்குள் உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஒரு சமூக அமைப்பு "நாங்கள் விலை கேட்க விரும்புகிறோம்" என்று எழுதிவிட்டால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் விற்பனை நிற்கும்.

இதன் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் முடிந்தபின் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம்: இந்தச் சட்டம் பிடிப்பது நிலம் கைமாறுவதை. உங்கள் விஷயத்தில் மைதானம் தனிக் கம்பெனியில் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் பங்குகளை அவர் யாருக்காவது விற்றால், நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாறவே மாறாது. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

அதனால் பேரத்தில் 10%-க்குப் பதிலாக வேறொன்றைக் கேட்பேன். கிளப்புக்கு மைதானத்தின் மீது நீண்ட காலக் குத்தகை, நிலப் பதிவேட்டில் பதிந்ததாக, முடித்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு இல்லாததாக. அதோடு மைதான விற்பனையைத் தடுக்கும் ஒரு சிறப்புப் பங்கு டிரஸ்டுக்கு. ப்ரென்ட்ஃபோர்டில் பீஸ் யுனைடெட் என்ற ரசிகர் டிரஸ்ட் 2012-ல் தன் பெரும்பான்மைப் பங்கை மேத்யூ பென்ஹாமிடம் ஒப்படைத்தபோது இப்படி ஒரு பங்கை வைத்துக்கொண்டது. லாபப் பங்கு வராது, ஆனால் உங்களுக்குத் தேவையான ஒரே இடத்தில் "முடியாது" என்று சொல்லும் உரிமை. உங்களுக்கான சிறப்புப் பங்கு கிளப் கம்பெனியில் மட்டும் இருந்து பயனில்லை, மைதானம் இருக்கும் கம்பெனியிலும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

பழைய_டிக்கெட் சொன்னதோடு உடன்படுகிறேன். சட்ட வடிவம் கேட்டிருந்தீர்கள், அதற்கு வருகிறேன்.

கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ.விடம் பதிவு. மூன்று உறுப்பினர் இருந்தால் போதும். ஒருவர் 1 பவுண்டு போட்டாலும் 10,000 போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். பொறுப்பு வரையறுக்கப்பட்டது, எனவே கிளப் மூழ்கினாலும் உறுப்பினரின் வீட்டுக்குக் கடன்காரர் வரமாட்டார். விதிகளை நீங்களே எழுத உட்காராதீர்கள். ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷனிடம் மாதிரி விதிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்தால் எஃப்.சி.ஏ.வின் கேள்விகள் குறையும். நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள் ஏ.ஆர்.30 என்ற ஆண்டு அறிக்கைப் படிவத்தைக் கணக்கோடு அனுப்ப வேண்டும். இதை யாருடைய வேலை என்று பெயர் போட்டு ஒதுக்குங்கள். ஆரம்ப வேகம் போனதும் முதலில் மறந்து போவது இதுதான்.

பெரிய தொகை தேவைப்படும்போது இந்தச் சொசைட்டி சமூகப் பங்கு வெளியிடலாம். விலக்கிக்கொள்ளக்கூடிய பங்கு, ஆளுக்கு உச்சவரம்பு 1,00,000 பவுண்டு, வேறொருவருக்கு விற்க முடியாது, போர்டு சம்மதித்தால் திருப்பித் தரலாம். எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் 2015-ல் திறந்த ப்ராட்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இப்படித் திரட்டியது. அறிவிப்பில் குறைந்தபட்ச இலக்கு ஒன்று கட்டாயம் போடுங்கள். அதை எட்டாவிட்டால் பணம் திரும்பிப் போகும் என்று சொன்னால்தான் முதல் நூறு பேர் தைரியமாகக் கையெழுத்திடுவார்கள்.

ஆனால் ஒரே தவணைப் பணத்தைவிட, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாக வரும் சந்தா பெரிது. ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப் 2013-ல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற ரசிகர் அமைப்பு ஆயிரக்கணக்கான ரசிகர்களிடம் மாதாமாதம் வசூலித்து, கிளப்பை மீட்க ஆன் பட்ஜ் என்பவர் போட்ட பணத்தைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்து, 2021 ஆகஸ்ட்டில் 75.1% பங்கை வாங்கிக்கொண்டது. நேர்மாறான உதாரணம் எப்ஸ்ஃப்ளீட். 2008-ல் மைஃபுட்பால்கிளப் என்ற இணையக் குழுமம் தலைக்கு 35 பவுண்டு திரட்டி 75% வாங்கியது. அப்போது சுமார் 30,000 பேர். புதுப்பித்தல் தேதி வர வர ஆள் கரைந்து, 2013-ல் கைவிட்டுவிட்டார்கள். எனவே 50,000 திரட்ட முடியுமா என்று கேட்பதைவிட, இரண்டாம் ஆண்டு எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

லிபர்ட்டி_கேட்:

இதில் ஒரு சின்ன மறுப்பு. காத்திருப்பதும் இலவசமில்லை. 2011-ல் ரெக்ஸம் நெருக்கடியில் அது ஆடிய ஐந்தாம் அடுக்கு லீக்கான ஃபுட்பால் கான்ஃபரன்ஸுக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டி வந்தபோது ரசிகர்கள் ஒரே நாளில் 1,00,000 பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். ஏற்கெனவே பதிவான டிரஸ்ட், வங்கிக் கணக்கு, உறுப்பினர் முகவரிகள் எல்லாம் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. அந்த ஆண்டே கிளப்பை எடுத்து, 2020 நவம்பரில் நடிகர்கள் ரெனால்ட்ஸ், மெக்கெல்ஹென்னிக்குக் கொடுப்பதா என்று ஓட்டுக்கு விட்டபோது 1,809 பேர் ஆதரவு, 26 பேர் எதிர்ப்பு. ஆகவே 10% வாங்காவிட்டாலும் பதிவை இந்த மாதமே முடியுங்கள்.

வருகிறவரின் பணத்தைப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாட்ஸ் கவுன்ட்டி இருக்கிறது. 2009-ல் மத்திய கிழக்குப் பணம் என்று பேசப்பட்ட கைக்கு டிரஸ்ட் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. 2010 பிப்ரவரியில் அதே கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது.

வடக்கு_ஸ்டாண்ட்:

தெளிவாகிவிட்டது. பதிவும் சொத்துப் பட்டியல் விண்ணப்பமும் உடனே. 10%-க்கு இப்போது பதில் சொல்லாமல், குத்தகை, சிறப்புப் பங்கு, ஒப்பந்த வரைவு மூன்றையும் கேட்டு எழுதப் போகிறோம். கடிதம் போடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு ஏதாவது?

பழைய_டிக்கெட்:

கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இரண்டு கம்பெனிகளின் அடமானப் பதிவையும் பாருங்கள், இலவசம்தான். மைதானத்தின் மீது யாருக்காவது அடமானம் இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் உரிமையாளர் தரும் குத்தகை அவரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். 2013-ல் போர்ட்ஸ்மத் டிரஸ்ட் கிளப்பை எடுக்கும்போது இழுத்தடித்ததே ஃப்ராட்டன் பார்க் மைதானத்தின் மேலிருந்த பழைய உரிமையாளர் தரப்பின் அடமானம்தான், நீதிமன்ற வாசல் வரை போய்த்தான் தீர்ந்தது. அப்படி ஏதாவது தென்பட்டால் கடிதத்தில் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். சிறிய கிளப்புகள் லாப நட்டக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் சுருக்கக் கணக்கு மட்டுமே போடுவது வழக்கம். எனவே கடந்த மூன்று ஆண்டின் முழுக் கணக்கையும் தனியாகக் கேளுங்கள்.