பண்டாரவளைப் பக்கம் குடிவரப் பார்க்கிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். 16 வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்துவிட்டு, தைப்பொங்கலுக்குப் பிறகு பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் குடிவரப் பார்க்கிறோம். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள்தான், எல்லாரும் கொழும்புக்கு ஓடும்போது நீ ஏன்டி திரும்பி வருகிறாய் என்று பெரியம்மா திட்டுகிறார். மகனுக்கு வீசிங், அவருக்கு வீட்டிலிருந்தே வேலை, அதெல்லாம் சரி, ஆனால் மாமியார் தவறியபோது எதிர் வீட்டார்கூட எட்டிப் பார்க்கவில்லை, தோட்டத்தில் என்றால் லயமே வந்து நின்றிருக்கும், அன்றைக்கே மனம் விட்டுப்போனது.

இப்போது 10 பேர்ச் காணி ஒன்று பார்த்திருக்கிறோம். பின்னால் செங்குத்தான மண்மேடு. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை காணி உறுதி (பத்திரம்) எழுத முன்னமே எடுக்கலாமா, இல்லை பிரதேச சபை வழியாகத்தான் போக வேண்டுமா? அண்மையில் வீடு கட்டினவர்கள், எவ்வளவு நாள் எடுத்தது என்று சொல்லுங்கள்.

அப்புறம், 6ஆம் தரத்துப் பிள்ளையை வருஷ நடுவில் தமிழ்ப் பாடசாலையில் சேர்ப்பார்களா? மழைக்காலத்தில் இன்டர்நெட் நிற்குமா? தரகர்மார் தயவுசெய்து இன்பொக்ஸ் வர வேண்டாம்.