மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை ஒளித்து வைத்துவிட்டேன்

கேள்வி:

இருபது வருடங்களுக்கு மேலாக என்னை லிபரல் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். கருத்துரிமை, பெண்ணுரிமை, அவரவர் விருப்பப்படி வாழும் உரிமை, இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஊர்வலம் போயிருக்கிறேன், உறவுக்காரர்களோடு பேச்சுவார்த்தை அறுந்து போகிற அளவுக்கு வாதாடியும் இருக்கிறேன். வீட்டில் ஒரு பெரிய புத்தக அலமாரி இருக்கிறது. எல்லோருக்கும் பொது. யார் எதை வாங்கினாலும் அதில்தான் வைப்போம்.

என் மகளுக்கு 19 வயது. போன மாதம் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். பெயர் வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும். மரபையும் கட்டுப்பாட்டையும் விட்டதால்தான் மனிதர்கள் தனித்துப் போனார்கள், பெண்களுக்குக் கிடைத்த சுதந்திரம் கடைசியில் அவர்களுக்கே பாரமாகிவிட்டது என்று வாதிடுகிற வகைப் புத்தகம். சாப்பிடும்போதும் அதைத்தான் படிக்கிறாள், பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே. ஒரு நாள் "அப்பா, இவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்குப்பா" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று இரவு அவள் தூங்கிய பிறகு புத்தகத்தை எடுத்து, மேல்தட்டில் பழைய அகராதிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இரண்டு நாளாகத் தேடுகிறாள். என்னிடமும் கேட்டாள். "தெரியலையேம்மா" என்றேன்.

அப்படிப்பட்ட எழுத்துக்கு என் வீட்டில் ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனம் கேட்கிறது. இத்தனை காலம் பேசியதெல்லாம் வெளியில் பேசுவதற்கு மட்டும்தானா என்று இன்னொரு மனம். சகிப்பற்றவர்களைச் சகிக்கக் கூடாது என்று தத்துவவாதி கார்ல் பாப்பரே சொல்லியிருக்கிறார் அல்லவா? நான் செய்தது அதில் அடங்குமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில் 1:

அடங்காது. பாப்பரின் அந்தக் கருத்தைப் பலரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன். 1945-இல் வந்த 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' நூலில், ஏழாம் அத்தியாயத்துக்கு எழுதிய குறிப்புகளில் ஒன்றாகத்தான் அது வருகிறது. எல்லையற்ற சகிப்பு சகிப்பையே அழித்துவிடும் என்கிறார், சரி. ஆனால் அதோடு சேர்த்தே சொல்கிறார்: வாதத்தால் எதிர்கொள்ள முடிகிற வரை, பொதுக்கருத்தால் கட்டுக்குள் வைக்க முடிகிற வரை, அந்தப் பேச்சை ஒடுக்குவது சற்றும் அறிவுடைமை ஆகாது. எதிர்த் தரப்பு வாதத்துக்கே வர மறுத்து, தன் ஆட்களை மறுதரப்பைக் கேட்கவே கூடாது என்று தடுத்து, கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லப் பழக்கும்போதுதான் தடுக்கிற உரிமை வேண்டும் என்கிறார். இதை எழுதியவர் நாஜி ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து 1937-இல் வியன்னாவை விட்டு நியூசிலாந்துக்குப் போனவர். போர் நடந்துகொண்டிருக்கும்போது எழுதிய நூல் அது. அப்படிப்பட்டவரே தடுப்பதற்கான எல்லைக்கோட்டை அவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறார்.

"ஒரு நியாயம் இருக்கு" என்று உங்களிடம் வந்து சொன்னவள் வாதத்துக்குத்தான் வந்திருக்கிறாள். மறுதரப்பைக் கேட்க விடாமல் தடுத்தவர் நீங்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேர்மையான பதில் இதுதான். இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள்.

பதில் 2:

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். எனக்கு மனதில் வந்தது வேறு ஒரு அப்பா. சுதந்திரத்தைப் பற்றி எழுதிய 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் அப்பா ஜேம்ஸ் மில். மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். எதைப் படிக்க வேண்டும், எப்படி யோசிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் திட்டம். நல்ல நோக்கம்தான், உலகத்தைச் சீர்திருத்தப் போகிற ஒருவனை உருவாக்கினார். 1826-இல், இருபது வயதில், மகன் தன்னையே கேட்டுக்கொள்கிறான்: நான் விரும்பும் சீர்திருத்தம் எல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சி வருமா? வராது என்று உள்ளிருந்து பதில் வருகிறது. மாதக்கணக்கில் அந்த இருளில் கிடக்கிறார். அதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து மீளக் கைகொடுத்தவற்றில் முக்கியமானவை 1828-இல் படித்த வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள். வேர்ட்ஸ்வொர்த் அப்போது அரசியலில் பழமைவாதிகள் பக்கம் போய்விட்டிருந்தவர். மில்லின் அப்பா போட்ட பட்டியலிலிருந்து அந்த மருந்து வந்திருக்காது.

1859-இல் வந்த 'சுதந்திரம் குறித்து' நூலின் இரண்டாம் அத்தியாயத்தில், தன் தரப்பை மட்டும் அறிந்தவனுக்குத் தன் தரப்பே சரியாகத் தெரியாது என்று மில் எழுதும்போது எனக்கு இந்தக் கதைதான் பின்னால் கேட்கும். எதிர்த் தரப்பை நம் ஆசிரியர் வாயிலாகக் கேட்டால் போதாது, அதை உண்மையாக நம்புகிறவர் வாயிலாகவே கேட்க வேண்டும் என்றும் சொல்கிறார். இது எவ்வளவு உண்மை என்று என் அண்ணனிடம் தெரிந்துகொண்டேன். பத்து வருடமாக அவர் பக்கத்து எழுத்து எதையும் நான் தொட்டதில்லை. ஒரு நாள் அவர், "நான் என்ன நம்புறேன்னு நீயே சொல்லு பார்ப்போம்" என்றார். நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட அவர் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் அவரோடு உடன்படவில்லை, ஆனால் இப்போது எங்களால் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார முடிகிறது.

பதில் 3:

ஒரு பெண்ணாக எழுதுகிறேன். உங்கள் வயிற்றைக் கலக்கியது எனக்குப் புரிகிறது, மேலே இருவரும் அதைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டார்கள். என் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது வீட்டில் சொல்லப்பட்ட காரணங்கள் அந்தப் புத்தகத்தில் இருப்பவைதான். வாதமாக யாரும் அதை என் முன் வைக்கவில்லை, நேராகத் தீர்ப்பாகவே வந்தது. அதனால் இதைக் கருத்துப் பரிமாற்றம் என்று அமைதியாகப் பார்க்க என்னால் முடியாது.

ஆனால் என் புத்தகங்களையும் ஒளித்து வைத்தார்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்றார்கள். நீங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை, ஆனாலும் நீங்கள் எழுதியதில் அது இருக்கிறது.

மில்லைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அடுத்த வருடமே வந்த அந்த நூலின் முதல் அத்தியாயத்தில், சுதந்திரம் எல்லோருக்குமானது இல்லை என்று விதிவிலக்கு வைக்கிறார். குழந்தைகளுக்குப் பொருந்தாது, சரி. இன்னும் முதிராத சமூகங்களுக்கும் பொருந்தாதாம், அவர்களை முன்னேற்றுவதற்கென்றால் கொடுங்கோன்மையும் நியாயமான ஆட்சிதானாம். ஒரு அக்பரோ, ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் போன்ற ஒருவரோ வாய்த்தால் அவருக்குக் கீழ்ப்படிவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை என்கிறார். இத்தனைக்கும் 1851-இல் ஹேரியட் டெய்லரைக் கல்யாணம் செய்யும் முன், கணவன் என்கிற முறையில் சட்டம் தனக்குத் தரும் அதிகாரம் எதையும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதியே வைத்தவர். வீட்டுக்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, கோடிக்கணக்கான மனிதர்கள் விஷயத்தில் தெரியாமல் போனது. "இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை" என்ற ஒரு நினைப்பு போதும், எவ்வளவு பெரிய லிபரலும் அந்த விதிவிலக்குக்குள் போய்விடலாம். உங்கள் மகளுக்கு 19 வயது. அவள் குழந்தை இல்லை.

கொடுத்துவிட்டு, உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். புத்தகத்தைப் பற்றி இல்லை, உங்கள் பயத்தைப் பற்றி.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பதில் 3-ஐப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

நேற்று இரவு எடுத்துக் கொடுத்தேன். நான்தான் ஒளித்தேன் என்றும் சொன்னேன். உன்னை யாரும் அடக்கிவிடுவார்களோ என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்றேன். அவள் புத்தகத்தைப் பற்றி எதுவுமே பேசவில்லை. "ரெண்டு நாள் நான் தேடினப்ப நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களேப்பா" என்றாள். என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள்.

நான் அதைப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன், முடித்துவிட்டுத் தருவதாகச் சொன்னாள். இப்போது அந்தப் புத்தகம் அலமாரியில் இல்லை. அவள் அறையில் வைத்திருக்கிறாள்.